பிரேக் சொன்ன சேதி

கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் முரண்டு பிடிக்கலாம். சம்பந்தி பிடிக்கலாம், சமையற்காரர் பிடிக்கலாம். மோட்டார் கார் மட்டும் பிடிக்கக் கூடாது. அதிலும், மறுநாள் காலையில் மணப்பெண் ஏற வேண்டிய கார் என்றால் கேட்கவே வேண்டாம்! நாகர்கோவிலில் என் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் அந்தச் சங்கடம்தான் நேர்ந்தது.

அத்தை வீட்டுக் கார் அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கிய வண்டி அது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. காலஞ்சென்ற மாமா ஆசையாக வாங்கிய காராகையால், அதை விற்க அத்தைக்கு மனம் வரவில்லை. மாதக் கணக்கில் கொட்டகையில் நிற்கும். கல்யாணம், கோவில் என்றால் துடைத்துப் பொட்டு வைத்துப் புறப்படும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் பூ வாங்கத் தோவாளைக்குப் போனோம். ஓட்டியவள் அத்தையின் மூத்த மகள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. சந்தையருகே ஒரு லாரி வழியை மறித்து நிற்க, பிரேக்கை மிதித்தபடி நாங்களும் காத்து நின்றோம்.

"மைனி, மிதிச்ச காலு தன்னால கீழ போகுது" என்றாள் அவள், சட்டென்று கைப் பிரேக்கை இழுத்தபடியே.

பின் ஆசனத்திலிருந்து அத்தையின் தீர்ப்பு உடனே வந்தது: "எண்ணெய் குறைஞ்சிருக்கும் மக்களே. கொஞ்சம் ஊத்தினாச் சரியாப் போவும். மாமா அப்படித்தான் செய்வாங்க."

பிரேக் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தோம். கழுத்து வரையில் எண்ணெய் நிறைந்திருந்தது!

இடியாப்ப உரல் தத்துவம்

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு திரும்ப அத்தை மகள் மறுத்துவிட்டாள். தூக்கு வண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்தில் இறக்கினோம். மாமா காலத்திலிருந்தே அந்த வண்டியைப் பார்த்துவரும் முதிய மெக்கானிக் வந்து சேர்ந்தார். மிதிப் பெடலை ஒரு முறை அழுத்தி, அப்படியே காலை வைத்திருந்தார். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிற்று.

"இன்னும் ஒரு நாள் தாங்காதா, அண்ணாச்சி?" என்று அத்தை கேட்டாள்.

"தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன், அம்மா" என்றார் அவர்.

அத்தைக்கு அவர் விளக்கியதை நீங்களும் கேளுங்கள். காலால் பெடலை மிதிக்கும்போது 'மாஸ்டர் சிலிண்டர்' என்ற குழலுக்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார். அதன்படி நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறு சிலிண்டர்களுக்கு அழுத்தம் போய்ச் சேர்ந்து, பிரேக் கட்டைகளை டிரம்மோடு அழுத்துகிறது. 1921-ல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் இந்த முறையில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போட்டுக்கொண்டு வந்தது.

இவ்வளவையும் கேட்ட அத்தை, "நம்ம இடியாப்ப உரல் மாதிரின்னு சொல்லும்!" என்றாள்.

இதைவிட நல்ல உவமை கிடையாது, சகோதரிகளே! இடியாப்ப உரலில் மாவை அழுத்துகிறோம். உரல் தேய்ந்து, தண்டு தளர்ந்து போயிருந்தால் என்ன ஆகிறது? மாவு துளை வழியே இறங்காமல், தண்டின் ஓரமாக மேலே ஏறி வருகிறது. உரலில் மாவு குறையவில்லை. ஆனால் தட்டில் இடியாப்பம் விழவில்லை. காரிலும் அதுவே நடந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் 'கப்' தேய்ந்துவிட்டதால், எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் பிஸ்டனைத் தாண்டிப் பின்னுக்கே வந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை; தொட்டியில் அளவும் குறையவில்லை. மேலே எண்ணெய் ஊற்றி என்ன பயன்?

பெடலின் மூன்று பாஷைகள்

பிரேக் பெரும்பாலும் சொல்லாமல் போவதில்லை. முன்கூட்டியே பெடல் மூலம் சேதி அனுப்புகிறது. காரோட்டும் பெண்கள் மட்டுமல்ல, ஓட்டுபவர் பக்கத்தில் உட்காருகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அழுத்திப் பிடித்த பெடல் மெல்லக் கீழே இறங்கினால், எங்கேயோ கசிவு இருக்கிறது. தொட்டியில் எண்ணெயும் குறைந்திருந்தால், கசிவு வெளியே: சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்பு, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் ஆகிய இடங்களில் ஈரம் தெரியும். எண்ணெய் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேதான் குற்றம்.

பெடல் பஞ்சு போல் அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மாவுக்கு நடுவே காற்று நின்றால் இடியாப்ப இழை அறுந்து போகிறதல்லவா? எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். காலின் பலமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ் பலூனைப் போல உப்பினாலும் இதே கதைதான்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருமானால், பிரேக் கட்டைக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும். அதன் பிறகும் மாறாவிட்டால் காற்றைத் தேட வேண்டியதுதான்.

ஓடாத காருக்கு என்ன கேடு?

"வருஷத்துக்கு நாலு தடவைதானே ஓடுகிறது, எப்படித் தேயும்?" என்று நான் கேட்டேன். ஓடாததுதான் நோய்க்குக் காரணம் என்றார் மெக்கானிக். பெட்டியிலேயே மடித்து வைத்த பட்டுப் புடவை மடிப்பில் இற்றுப் போவதில்லையா? அப்படித்தான் இதுவும்.

வழக்கமான பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நாஞ்சில் நாட்டிலோ இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவின் மேல் உரசிய ரப்பர் கிழிகிறது. மற்றோர் ஆபத்தும் உண்டு. 'டாட் 3' என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. மலைப் பாதையில் இறங்கும்போது சூடேறி எண்ணெய் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து பெடல் தொப்பென்று விழும். ஆகையால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று குழிகள்! வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் போட்டால் போதும். குழி விழுந்ததில் புது ரப்பர் போட்டாலும் அதுவும் கிழியும். சிலிண்டரையே மாற்ற வேண்டும். அது வெளியூரிலிருந்து வர வேண்டும்.

மறுநாள் மணப்பெண் வாடகைக் காரில் போனாள். மாமாவின் கார் முற்றத்தில் நின்றது. அத்தை ஒரு முறை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

அமுக்கு, பிடி, விடு!

புதுச் சிலிண்டர் ஒரு வாரத்தில் வந்தது. டிரம்களையும் கழற்றினார்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஆகவே வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தார் மெக்கானிக். ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவும் விடவில்லை. "குலசேகரத்துல ரப்பர் தோட்டம் வச்சிருக்க ஊரு நம்மது. பெட்ரோல் பட்டா ரப்பர் ஊதிப்போவும்னு நமக்குத் தெரியாண்டாமா?" என்றார். பிரேக் தொட்டியில் எஞ்சின் ஆயிலை ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிறகு காற்றை வெளியேற்றும் படலம். டிரைவருக்கு வெகு தூரத்திலுள்ள பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தார்கள். சக்கரத்திலுள்ள சிறு திருகில் ஒரு குழாயை மாட்டி, மறு முனையைச் சிறிது பிரேக் எண்ணெய் உள்ள சீசாவில் முக்கினார். அத்தை மகள் பெடலில் காலை வைத்தாள். "அமுக்கு!" என்றதும் அவள் அழுத்த, அவர் திருகைத் தளர்த்துவார், சீசாவில் குமிழிகள் வரும். "அப்படியே பிடி!" என்று திருகை இறுக்குவார். "விடு!" என்ற பிறகே அவள் காலை எடுப்பாள். குமிழி நிற்கும் வரையில் இதே காரியம், நான்கு சக்கரங்களுக்கும். இடையிடையே தொட்டியில் புது எண்ணெயை நிரப்புவது என் வேலை. தொட்டி வற்றினால் மறுபடியும் காற்று புகுந்துவிடும். சீசாவில் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது. அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கார் பெயிண்டில் சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். பழைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் போனால் எல்லாம் போயிற்று. இரண்டு தனி வழிகள் வைப்பது பின்னால் வந்த ஏற்பாடு. ஓடும்போதே பெடல் விழுந்துவிட்டால் பதறாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு, பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கம்பியால் தனியாக இயங்கும் கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள். சில கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம், அசையவில்லை. முற்றத்திலும் காலித் தெருவிலும் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான், மணமக்களை ஏற்றிக்கொண்டு சுசீந்திரத்துக்குப் புறப்பட்டோம்.

அத்தை கதவைத் திறந்தாள், ஆனால் ஏறவில்லை.

"பெடல் கெட்டியா நிக்கா, மக்களே?"

"கல்லு மாதிரி நிக்கு அம்மை. ஏறு!"

அதன் பிறகுதான் ஏறினாள். இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் எந்தக் காரிலும் ஏறுவதில்லையாம். வாடகைக் காராயிருந்தாலும் சரி!