“அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களில் யுத்தம் என்பது பெரும்பாலும் சேனாதிபதிகளின் விவகாரமாகவே இருக்கிறது. இன்னார் படையெடுத்தார், இன்னார் தோற்றார் என்று மாணவர்கள் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்து போகிறார்கள். அந்தப் படையில் சென்ற சாமானியச் சிப்பாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார் இல்லை. அப்படிக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அயர்லாந்து தேசத்தில் பிறந்த கார்னீலியஸ் ரயன்.

1920-ம் வருஷம் டப்ளின் நகரில் பிறந்தார் ரயன். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. அவரோ லண்டனுக்குச் சென்று, ‘டெய்லி டெலிகிராப்’ பத்திரிகையின் யுத்த நிருபரானார். குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானங்களில் 14 முறை பறந்தார். 1944 ஜூன் 6-ந் தேதி நேசப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய செய்தியையும் எழுதினார்.

யுத்தம் முடிந்தபின் அவர் அமெரிக்காவில் குடியேறினார். 1949-ல் நார்மண்டிக்கு மீண்டும் சென்றபோது, யுத்தத்தின் சிதைவுகள் இன்னும் அக்கரையில் கிடந்தன. அந்த ஒரு நாளின் கதையை முழுமையாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போது உதித்தது. அது எளிதில் நிறைவேறவில்லை. 1956-ல் அவர் வேலை பார்த்த ‘காலியர்ஸ்’ பத்திரிகை நின்றுபோயிற்று, கடனும் ஏறியது. ஆயினும் அவர் விடவில்லை. அன்று நார்மண்டியில் இருந்தவர்களைத் தேடிப் பல தேசத்துப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். அமெரிக்கர், ஆங்கிலேயர், ஜெர்மானியர், பிரெஞ்சுக் கிராமவாசிகள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் நினைவுகளைத் தந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் வாக்குடனும் ராணுவ தஸ்தாவேஜிகளுடனும் அவர் ஒத்துப் பார்த்தார்.

1959-ல் வெளிவந்த ‘தி லாங்கஸ்ட் டே’ என்ற நூலில், மனைவியின் பிறந்த நாளுக்காக வீடு சென்றிருந்த ஜெர்மன் தளபதி ரோமெலும் வருகிறார். மாதாகோவில் கோபுரத்தில் பாராசூட் சிக்கி, செத்தவன் போல் தொங்கிக் கிடந்த ஜான் ஸ்டீல் என்ற சிப்பாயும் வருகிறான். சரித்திரத்தில் இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது! 1962-ல் அந்நூல் சினிமாப் படமாயிற்று. 1966-ல் பெர்லின் வீழ்ச்சியைப் பற்றி மற்றொரு நூல் எழுதினார்.

அடுத்து, 1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்னெம் பாலத்தருகே நேசப் படைகள் கண்ட தோல்வியை எழுதத் தொடங்கினார். 1970-ல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. வேதனையினூடே நூலை முடித்தார். 1974-ல் அது வெளிவந்தது. அவ்வருஷம் நவம்பர் 23-ந் தேதி, 54-ம் வயதில் காலமானார். ஊரார் அனுபவங்களையெல்லாம் கேட்டு எழுதிய அவர், தம் நோயின் கதையை ஒலிப்பதிவு நாடாவில் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார். மனைவி காத்ரின் அதை 1979-ல் புத்தகமாக்கினார்.

அவர் சேகரித்த வாக்குமூலங்கள் அமெரிக்காவில் ஒஹையோ சர்வகலாசாலையில் இருக்கின்றன. சொன்னவர்களில் அநேகமாக எல்லோரும் மறைந்துவிட்டார்கள். உரிய காலத்தில் ஒருவர் கேட்டதால் அவர்கள் சொல் நிலைத்தது. நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டியவை எத்தனையோ உண்டு. அவர்கள் திண்ணையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.