தாத்தா கடித்த பல் தடத்தை அழிக்கலாமா? பழைய மரப் பைப்களைச் சரிசெய்பவர்களின் உலகம்!

இரவு 11 மணிக்கு மொபைலில் வேறு எதையோ தேடப்போய் அந்த வீடியோ கண்ணில் பட்டது. ஒரு மேசை. அதன்மேல் ஒரு பழைய மரப் பைப். உள்ளே கரி அப்பியிருக்கிறது. விளிம்பு தீய்ந்துபோயிருக்கிறது. வாயில் வைக்கும் முனை பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிக் கிடக்கிறது. பேச்சு இல்லை, பின்னணி இசையும் இல்லை. இரண்டு கைகள் மட்டும் சுரண்டுகின்றன, தேய்க்கின்றன, துடைக்கின்றன. 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே பைப் கண்ணாடி அலமாரியில் வைக்கிற அளவுக்குப் பளபளக்கிறது. ஒன்றைப் பார்த்ததுதான் தாமதம், மொபைல் அடுத்தடுத்து அதே மாதிரி வீடியோக்களை நீட்டிவிட்டது. நானும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

பைப் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது 'கௌரவம்' படத்தின் பாரிஸ்டர் ரஜினிகாந்த்தான். 1973-ல் வந்த அந்தப் படத்தில் சிவாஜியின் வாயில் பைப்பும் ஒரு கதாபாத்திரம் மாதிரியே இருக்கும். நம் ஊரில் அது சினிமாப் பணக்காரர்களின் அடையாளம். வீடுகளில் அதிகம் புழங்கிய பொருள் கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கதை வேறு. அங்கே பரணிலோ, மேசை இழுப்பறையிலோ தாத்தாவின் பைப் ஒன்று கிடப்பது சாதாரணம். பழைய பொருள் சந்தைகளில் அதைத் தேடி வாங்கிச் சரிசெய்வதையும், மரக்கட்டை வாங்கிச் சொந்தமாக ஒரு பைப் செய்து பார்ப்பதையும் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு.

இது யாரையும் புகைக்கச் சொல்லும் கட்டுரை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்து விட்டுவிடுவதால் பைப் பரவாயில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. உதடு, வாய், தொண்டை, நுரையீரல் என்று புற்றுநோய் ஆபத்து பைப் புகைப்பவர்களுக்கும் இருக்கிறது. புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னை இழுத்தது அந்த மரமும், அதைச் சரிசெய்யும் கைகளும், அந்தக் கைகள் கடைசியில் எடுக்க வேண்டியிருக்கும் ஒரு முடிவும்தான்.

மரம் எரிந்துவிடாதா?

முதலில் எனக்கு வந்த சந்தேகம் இதுதான். உள்ளே தணல், வெளியே மரம். எப்படித் தாங்குகிறது?

எல்லா மரமும் தாங்காது. பைப்புக்குப் பேர்போனது பிரையர். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியிலிருந்து கிடைக்கிறது. இத்தாலியின் கலாப்ரியா, பிரான்ஸின் கோர்சிகா தீவு, கிரீஸ், அல்ஜீரியா என்று பல இடங்களில் இருக்கிறது. இதில் தண்டும் பயன்படாது, வேரும் பயன்படாது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் முண்டு முண்டாக ஒரு கட்டை வளரும். அதுதான் சரக்கு. காட்டுத்தீயில் செடி எரிந்துபோனாலும் அந்த முண்டிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். தீக்குத் தப்பிக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாட்டை, தீயை வைக்கும் கிண்ணமாக மனிதன் மாற்றிக்கொண்டான்.

தோண்டி எடுத்த கட்டையை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அதனால் ஈரம் காயாமல் காப்பாற்றி, துண்டுகளாக அறுத்து, பெரிய கொப்பரைகளில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். கசப்பும் சாறும் இறங்கிவிடும். பிறகு நிழலில் மாதக்கணக்கில் காயவேண்டும். அவசரப்பட்டால் பைப் செய்தபிறகு விரிசல் விடும்.

இந்த மரத்தால் பேர் வாங்கிய ஊர், பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் சென்-க்ளோத். ஒரு துறவியின் பெயரைக் கொண்ட யாத்திரைத் தலம் அது. வரும் பக்தர்களுக்கு ஜெபமாலை மணிகளும் சின்னச் சின்ன மரப்பொருள்களும் கடைந்து விற்ற தொழிலாளர்கள் நிறைந்த ஊர். நம்மூர்க் கோயில் வாசலில் மரப்பாச்சியும் சொப்பும் விற்பது போலத்தான். 1850-களில் பிரையர் அவர்கள் கைக்கு வந்தது. கடைசல் கை ஏற்கெனவே பழகியிருந்ததால், உலகமே அறிந்த பைப் ஊராக அது மாறிவிட்டது. இன்றும் அங்கே பைப்புக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது.

பிரையருக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிதும் புழங்கியவை களிமண் பைப்கள். கீழே போட்டால் உடையும், அதனால் சரிசெய்யும் பேச்சே இல்லை, தூக்கி எறிவதுதான். லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் அந்தத் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. மரம் வந்தபிறகுதான் 'ரிப்பேர்' என்ற வேலையே பிறந்தது.

ரிப்பேர் கடையில் தொடங்கிய கலைஞர்

பைப்பில் மூன்று பாகங்கள். புகையிலை வைக்கும் கிண்ணம், அதிலிருந்து நீளும் மரக்கழுத்து, கழுத்தில் செருகிக் கழற்றக்கூடிய வாய்க்குழல். கிண்ணத்தின் குழி சுமார் 20 மில்லிமீட்டர் அகலம், புகை வரும் துளை 4 மில்லிமீட்டர் அளவு. அந்தச் சின்னத் துளை, குழியின் அடிப்பாகத்தில் மிகச் சரியாக நடுவில் போய்த் திறக்கவேண்டும். கொஞ்சம் மேலே போனால் அடியில் ஈரம் தேங்கும். கீழே போனால் கிண்ணமே ஓட்டை. புதிதாகச் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. அதனாலேயே முதல்முறை முயல்பவர்களுக்காக, துளைகள் போட்டு வாய்க்குழலும் பொருத்திய கட்டைகள் விற்கிறார்கள். ரம்பம், அரம், உப்புத்தாள் இருந்தால் போதும், வெளி வடிவத்தை மட்டும் நாம் செதுக்கிக்கொள்ளலாம்.

டென்மார்க்கில் கொண்டாடப்படும் பைப் கலைஞர் சிக்ஸ்டன் இவார்சன் (1910-2001). சுவீடனில் பிறந்தவர். கோபன்ஹேகனில் ஒரு பைப் ரிப்பேர் பட்டறையில்தான் அவர் தொழில் தொடங்கியது. வழக்கமாக முதலில் துளை போட்டு, அதைச் சுற்றி வடிவம் கொடுப்பார்கள். இவர் மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படி வெளி வடிவத்தை முதலில் செதுக்கிவிட்டு, பிறகு துளையிட்டார். மகன் லார்ஸ், பேத்தி நானா என்று அடுத்தடுத்த தலைமுறைகளும் இதே வேலைக்கு வந்தார்கள். அதே நகரத்தில் ஆனி ஜூலி என்ற பெண், பைப் செய்துவந்த கணவர் இறந்தபிறகு பட்டறையை மூடாமல் தானே கற்றுக்கொண்டு நடத்தி, தனக்கென ஒரு பெயரைச் சம்பாதித்தார். ஆண்களின் பொருள் என்று எழுதிவைக்கப்பட்ட ஒன்றின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

உப்பு, பஞ்சு, ஒரு ராத்திரி

சரி, சரிசெய்யும் வேலைக்கு வருவோம். முதல் வேலை, கிண்ணத்துக்குள் படிந்த கரியைச் சுரண்டுவது. மெல்லிய கரிப்பூச்சு மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும் என்பதால் பைப் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவைப்பார்கள். ஆனால், அளவுக்கு மீறித் தடித்துவிட்டால் சூட்டில் மரமும் கரியும் வெவ்வேறு அளவில் விரிந்து கிண்ணம் வெடித்துவிடும். சுரண்டியபிறகு மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நமக்குத் தெரிந்த பல் டாக்டர் வேலைதான்.

அடுத்தது நாற்றம். பல்லாண்டுப் புகை மரத்துக்குள் ஊறியிருக்கும். கிண்ணம் நிறைய உப்பு அல்லது பஞ்சு அடைத்து, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி இரவு முழுக்க வைத்துவிடுகிறார்கள். காலையில் வெள்ளைப் பஞ்சு, டிகாக்‌ஷனில் நனைத்தது போல ஆகியிருக்கும். உப்பா, பஞ்சா என்பதில் இவர்களுக்குள் ஒரு சண்டையே நடக்கிறது. உப்பு விரிசலுக்குள் புகுந்து மரத்தைக் கெடுக்கும் என்பது பஞ்சுக் கட்சியின் வாதம். நான் பஞ்சுக் கட்சி!

எனக்குப் பிடித்தது பள்ளம் எடுக்கும் வித்தை. பைப் கீழே விழுந்து மரம் நசுங்கியிருந்தால், அந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து, சூடான கத்தியை மேலே அழுத்துகிறார்கள். 'சுர்'ரென்று ஆவி கிளம்பும். நசுங்கிய மர இழைகள் ஈரத்தையும் சூட்டையும் குடித்து உப்பி மேலே வரும். நாலைந்து முறை செய்தால் பள்ளம் இருந்த இடமே தெரியாது. மரம் நசுங்கியிருந்தால் மட்டுமே இது நடக்கும். பெயர்ந்துபோயிருந்தால் ஆவி ஒன்றும் செய்யாது. கழுத்தில் விரிசல் என்றால், அது முடியும் புள்ளியில் ஊசித்துளை போட்டு மேலே ஓடாமல் நிறுத்தி, பசை விட்டு, பித்தளையிலோ வெள்ளியிலோ பூண் போடுவார்கள். உலக்கைக்குப் பூண் போடுவது போல.

வாய்க்குழல் பெரும்பாலும் எபோனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக்கியது. கையால் கடைந்த பழைய இங்க் பேனாக்கள் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த பொருள்தான். வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டு அது மங்கி, பச்சைப் பழுப்பாகிவிடும். உப்புத்தாளை ஈரமாக்கி, சொரசொரப்பானதில் தொடங்கி மெல்லியதுவரை ஒவ்வொன்றாக மாற்றித் தேய்த்தால் கறுப்பு திரும்பும். கடைசியில், பிரேசிலின் கார்னோபா பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகைச் சுழலும் துணிச்சக்கரத்தில் தடவி மெருகேற்றுகிறார்கள்.

ஆசைப்பட்டு இறங்குபவர்களுக்கு ஒரு விஷயம். மரத்தூளைச் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தேய்க்கும் வேலைக்கு முகக்கவசம் கட்டாயம். பழைய பைப்பின் கசடில் நிகோடின் இருக்கும், கையுறை போடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கையில் கிடைத்த மரத்திலெல்லாம் செய்து பார்ப்பதும் கூடாது. அரளி போன்றவை நேரடி விஷம்.

கடைசியில் மிஞ்சும் பல் தடம்

வாய்க்குழலின் நுனியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னப் பள்ளங்கள் இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கடித்துக் கடித்து விழுந்தவை. அதையும் எடுத்துவிடலாம். லைட்டர் சுடரை மேலாக ஓட்டினால், அழுந்திய எபோனைட் பழைய உருவத்துக்கு மெல்ல எழும்பும். எழாத மிச்சத்தைக் கரித்தூள் கலந்த பசையால் நிரப்பி, அரத்தால் சமன் செய்துவிடுவார்கள். அரைமணி நேர வேலை.

விற்பதற்காகச் சரிசெய்யும்போது இதில் யோசிக்க எதுவுமில்லை. அடுத்தவர் கடித்த தடத்தோடு யார் வாங்குவார்? 'இது எங்கள் தாத்தாவுடையது, நான் புகைப்பதில்லை, அலமாரியில் வைக்கத்தான்' என்று ஒருவர் கொடுத்தால்தான் சிக்கல். கரியும் நாற்றமும் அழுக்கு என்பதில் சந்தேகமில்லை. பல் தடம் அழுக்கா?

ஷெர்லாக் ஹோம்ஸிடம் கேட்டிருந்தால் லைட்டரைப் பிடுங்கி வைத்திருப்பார். 1893-ல் வெளியான 'மஞ்சள் முகம்' கதையில், வந்தவர் மறந்து வைத்துவிட்டுப்போன பைப்பை வைத்தே அவரைப் பற்றிச் சொல்வார் ஹோம்ஸ். பைப்பின் விலையைவிட அதை இரண்டு முறை சரிசெய்த வெள்ளிப் பூண்களின் செலவு அதிகம். அப்படியானால் ஆளுக்கு இதன்மேல் உயிர். ஒரு பக்கம் மட்டும் தீய்ந்திருக்கிறது. ஆள் இடதுகைப் பழக்கமுள்ளவர். முனையைக் கடித்தே துளைத்திருக்கிறார். நல்ல பற்கள், திடமான உடம்பு. அந்தப் பைப்பை இன்றைய வீடியோக்காரர் ஒருவர் பளபளவென்று ஆக்கிக் கொடுத்திருந்தால், ஹோம்ஸுக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

நான் பார்த்த வீடியோக்களில் இரண்டு விதமும் உண்டு. ஒருவர் எல்லாவற்றையும் சமன் செய்துவிட்டார். இன்னொருவர் குழல் முழுவதையும் தேய்த்து, அந்த இரண்டு பள்ளங்களை மட்டும் சுற்றி வளைத்து விட்டுவிட்டார். பள்ளத்துக்குள் பழைய பழுப்பு நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பார்க்க அரைகுறை வேலை மாதிரிதான் தெரிந்தது. எனக்கு அவர் செய்ததுதான் சரி என்று பட்டது.

எங்கள் தாத்தா புகைத்தது சுருட்டு. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போன வார்த்தைதான். சுருட்டு சாம்பலாகிவிடும், இழுப்பறையில் கிடக்க எதுவும் மிஞ்சாது. தாத்தாவுக்கு மிஞ்சியது இருமல் மட்டும்; அதிலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டில் இருப்பது அவருடைய மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் காது உடைந்து, அவரே கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியது. புது காது மாட்டித் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வைப்பதோடு சரி. அப்போதும் நூல் நனையாமல் பார்த்துக்கொள்வார்.