வராத வலிப்புக்கும் மருந்து வேண்டுமா?



சென்ற ஆண்டு என் தமக்கையார் தம் கணவரைச் சிகிச்சைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து வைட்ஃபீல்டில் உள்ள எம் இல்லத்திற்கு அழைத்து வந்தார். நெடுநாள் தலைவலி; ஸ்கேன் எடுத்ததில் மூளையிற் கட்டி எனத் தெரிந்தது. மருத்துவர் வீக்கம் குறைய மாத்திரை தந்து, அறுவைக்கு நாளும் குறித்தார். வலிப்பு மாத்திரை மட்டும் தரவில்லை.

"பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தருகிறார்களே, உன் மாமாவுக்கு மட்டும் ஏன் இல்லை, தம்பி? ஏழைகள் என்று ஒதுக்கிவிட்டார்களா?" என்று தமக்கையார் கண் கலங்கினார். புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கு விடை தெரியுமா? மருத்துவரையே கேட்டேன்.

அவர் பொறுமையுடன் விளக்கினார். மூளைக்கட்டி உடையோர் பலருக்கு வலிப்பு வருவதுண்டு. ஆயினும் எல்லோருக்கும் வருவதில்லை. ஒருமுறையேனும் வந்தவருக்கு மருந்து இன்றியமையாதது. வராதவருக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முதல் வலிப்பை அது தடுத்ததாகத் தெளிவுபடவில்லை. ஆதலின் வழக்கமாகத் தரவேண்டுவதில்லை என 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் கழகம் அறிவுறுத்தியது; 2021 இல் வெளிவந்த நெறிமுறையும் அதனையே வலியுறுத்திற்று.

மருந்தினால் தீங்கும் உண்டு. ஃபெனிட்டாயின் சிலருக்குத் தோல் தடிப்பும் தள்ளாட்டமும் தரும். புற்றுநோய் மருந்துகள் சிலவற்றின் வலிமையையும் குறைக்கும். லெவெடிராசெட்டம் பிற மருந்துகளோடு அவ்வளவாக மோதுவதில்லை. எனினும் சிலருக்குச் சோர்வும் எரிச்சலும் உண்டாக்கும். மருந்து தராததும் ஒரு சிகிச்சையே என்பதை அன்று உணர்ந்தேன்.

இதனைக் கேட்டிருந்த பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "அப்படியானால் நாங்களும் நிறுத்திவிடுகிறோம்" என்றார். மருத்துவர் பதறிவிட்டார். அவர் கணவருக்கு வலிப்பு இருமுறை வந்திருந்தது. அத்தகையோர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிருக்கே இடர் நேரக்கூடும். ஒருவர்க்கு வேண்டாதது மற்றொருவர்க்கு உயிர்க்காவல்!

மாமாவுக்கு அறுவையை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் அம்மாத்திரையைக் கொடுத்து, பின்னர் மருத்துவரே நிறுத்தினார். தமக்கையாரின் மனக்குறையும் தீர்ந்தது.

நிற்க. எவருக்கேனும் வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர், வாயில் கரண்டியை வையாதீர், நீர் புகட்டாதீர். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடங்களைக் கடந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

பிழைப்பு நாடி இவ்வூர் வந்த நமக்கு, நமது வைட்ஃபீல்டிலேயே 2001 இல் திறக்கப்பெற்ற ஸ்ரீ சத்ய சாயி மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சை கட்டணமின்றி நடைபெறுகிறது. ஓசூர் சாலையில் நிமான்ஸ் நிலையமும் உண்டு. எங்குச் சென்றாலும் "இம்மாத்திரை எதற்கு? எத்தனை நாள்?" என்று கேட்கத் தயங்காதீர். கேட்ட பின்னர், மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் வேண்டா; நிறுத்தவும் வேண்டா.