செம்மண் பாலைவனத்தில் ஒரு ராத்திரி!

'முப்பது வயசுக்குள்ள ஒரு தடவையாவது லடாக் போய் டென்ட் அடிச்சுப் படுத்துடணும்டா!' - இந்த வசனத்தைப் பேசாத பிரம்மச்சாரி எந்த ஆபீஸிலும் கிடையாது. பேசிவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய் ஒரு மெதுவடையைச் சாப்பிட்டுவிட்டு சீட்டுக்குத் திரும்பிவிடுவார். லீவு கிடைத்தால் பணம் இருக்காது. பணம் இருந்தால் லீவு கிடைக்காது. இரண்டும் கிடைக்கும்போது கல்யாணம் ஆகியிருக்கும்!

அப்படிப்பட்ட அன்பர்களுக்கு ஒரு நற்செய்தி. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு பாலைவனம் இருந்தது. அதன் மிச்சம் இன்னமும் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், பாண்டிச்சேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வலது பக்கம் திரும்பினால்... குயிலாப்பாளையம்!

இன்றைக்கு அந்த ஊர்க் கடைத்தெருவைப் பார்த்தால் 'பாலைவனமா? விளையாடறியா?' என்பீர்கள். பீட்சா கடை, வாடகை ஸ்கூட்டர், நாலு மொழியில் போர்டு. ஆனால் பொம்மையார்பாளையம் பக்கம் கொஞ்சம் நடந்தால் பூமி திடீரென்று வாயைப் பிளக்கிறது. ரத்தச் சிவப்பில் மண் சுவர்கள், கோபுரம் கோபுரமாக மண் தூண்கள், நடுவே வளைந்து வளைந்து போகும் வறண்ட ஓடை. கல்யாண ஜோடிகளை நிற்க வைத்து போட்டோ எடுக்கிறார்கள். 'அமெரிக்கா மாதிரியே இருக்குல்ல?' என்று எல்லோரும் ஒரு முறை சொல்லிக்கொள்கிறார்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு ஜனவரி மாத சனிக்கிழமை அங்கே போனோம். வாடகை டென்ட் ஒன்று, கேஸ் ஸ்டவ் ஒன்று, பன்னிரண்டு பாக்கெட் நூடுல்ஸ். ஓடையிலிருந்து தள்ளி ஒரு முந்திரித் தோப்பு. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு மேட்டில் டென்ட் அடித்தோம். முளை இறங்குவேனா என்றது. தார் ரோட்டில் ஆணி அடிப்பது போல 'ணங்' என்று சத்தம்!

சத்தம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா தம்பி, வீடு இல்லியா?"

"இருக்குங்க ஐயா. சும்மா... ஒரு அனுபவத்துக்கு."

"அனுபவமா!" என்று சிரித்தார். "நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல இங்க நின்னா கடல் தெரியும். நடுவுல ஒரு மரம் கெடையாது. பனை மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணு. மத்தியானத்துல செருப்பில்லாம நடந்தா கால் வெந்துடும்."

அவர் சொன்னது மிகையல்ல. 1968 பிப்ரவரி 28-ம் தேதி இந்த மேட்டு நிலத்தில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். அந்த நாளின் போட்டோக்களைப் பாருங்கள். சுற்றிலும் வெறும் செம்மண் பொட்டல்!

வேன்களில் வந்தவர்கள்

வெளிநாட்டில் 'ஆர்.வி.' என்று ஒரு வண்டி உண்டு. கட்டில், அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். கலிஃபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ என்று பாறைகள் நிறைந்த ஓர் உயரமான பாலைவனம். 1994-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே இந்த வண்டிகளும் டென்ட்டுகளும் வரிசைகட்டி நிற்கும். தங்குமிடங்கள் பலவற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடிக்க வேண்டியதை நீங்களேதான் சுமந்துகொண்டு போகவேண்டும். கேரளாவில்கூட 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவை ஆரம்பித்தது.

ஆனால் இதையெல்லாம் குயிலாப்பாளையம் எப்போதோ பார்த்துவிட்டது, சார்! 1969-ல் பிரான்ஸிலிருந்து ஒரு கூட்டம் வேன்களில் கிளம்பி, தரை வழியாகவே ஆரோவில் வந்து சேர்ந்தது. 1974-ல் இரண்டாவது கூட்டம். முதலில் வந்தவர்களுக்காகக் குயிலாப்பாளையத்தை ஒட்டிக் கீற்றுக் குடிசைகள் போட்டார்கள். 'ஆஸ்பிரேஷன்' என்று அதற்குப் பெயர். நாம் டென்ட் அடித்தால் மறுநாள் காலையில் சுருட்டிவிடுவோம். அவர்களில் சிலர் சுருட்டவே இல்லை.

பன்னிரண்டு மடங்கு மழை

இங்கேதான் ஒரு கணக்கு உதைக்கிறது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. அது பாலைவனமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. குயிலாப்பாளையமோ கடலைப் பார்த்தபடி 50 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மழை வருஷத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர். அதாவது, பன்னிரண்டு மடங்கு! அப்புறம் எப்படிப் பாலைவனம்?

காரணத்தை டென்ட் முளை அடிக்கும்போதே மண் சொல்லிவிடுகிறது. மரங்கள் போன பிறகு வெயில் பட்டு மேல் மண் ஓடு மாதிரி இறுகிவிட்டது. வடகிழக்குப் பருவமழையோ மாதக்கணக்கில் தூறுகிற ஜாதியல்ல. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் சரிவைத் தேடி ஓடும். ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். மாட்டு வண்டித் தடம் வாய்க்காலாகும், வாய்க்கால் ஓடையாகும், ஓடை பள்ளத்தாக்காகும். போட்டோ எடுக்கிறோமே, அந்த 'அழகு' அப்படிப் பிறந்ததுதான். பூமிக்கு ஏற்பட்ட காயம் அது. நாம் அதன் முன்னால் நின்று சிரிக்கிறோம்.

"மழை பேஞ்சா கடலே செவப்பா பூடும் தம்பி. நம்ம கொல்லைதான் அங்க மெதக்குதுனு அம்மா சொல்லும்" என்றார் பெரியவர்.

பக்கத்து ஊர் இரும்பையில் இதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள். நந்தவனத்து ஆண்டியைப் பாடிய கடுவெளிச் சித்தர் இருக்கிறாரே, அவர் இங்கேதான் தவம் இருந்தாராம். ஒரு நாட்டியக்காரியின் காலிலிருந்து கழன்று விழுந்த சலங்கையை எடுத்து மாட்டிவிட்டார். ஊர் சிரித்தது. சித்தர் பாடினார், மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் பிளந்தது, நிலம் பாழாகப் போனது. தூர தேசத்துக்காரர்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்பது சாபத்தின் கடைசி வரி!

வந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள். ஓடைகளில் சின்னச் சின்னத் தடுப்பணை கட்டினார்கள். மழைநீர் நின்றது. நின்ற நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. எதையும் தாங்குகிற கத்திச் சவுக்கை முதலில் நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. மறுபடி நட்டார்கள்.

இதைச் சொன்னதும் பெரியவர் முகத்தில் ஒரு மாற்றம்.

"எல்லாம் எழுதுறாங்க தம்பி. வெள்ளைக்காரங்க காடு வளத்தாங்கனு. நெசந்தான், இல்லேனு சொல்லல. ஆனா குழி தோண்டுனது யாரு? வண்டி கட்டித் தண்ணி ஊத்துனது யாரு? என் பொண்டாட்டி தலையில கூடை சொமந்த தழும்பு இருக்கு. அத ஒருத்தரும் எழுதல."

நண்பன் நூடுல்ஸை மூன்று தட்டில் போட்டிருந்தான். நான்காவதாக ஒரு தட்டு எடுத்தான். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது இன்னா, புழுவாட்டம்?" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை!

போகிறவர்களுக்கு

நீங்களும் கிளம்பப் போகிறீர்களா? சில யோசனைகள்.

ஜனவரி, பிப்ரவரிதான் சரியான மாதங்கள். மே மாதம் டென்ட்டுக்குள் படுத்தால் காலையில் உங்களை இட்லி மாதிரி எடுக்கலாம்.

எந்த நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். தோப்போ, கோயில் நிலமோ, ஆரோவில் நிலமோ, கேட்டுவிட்டுத் தங்குங்கள். செஞ்சிக் கோட்டைப் பாறையில் படுக்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பகலில் ஏறி இறங்குவதோடு சரி.

ஓடைக்குள் டென்ட் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தனை பெரிய மழை வேண்டாம், மேட்டில் பெய்கிற ஒரு சாதாரண மழையே போதும், காய்ந்த ஓடை ஆறாகிவிடும். பள்ளத்தின் விளிம்பிலும் வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும். அடியில் தண்ணீர் குடைந்து வைத்திருக்கும். பனை மரத்தடியும் கூடாது. மட்டை விழுந்தால் தலையைப் பார்த்து விழாது.

மண் சுவரில் ஏறாதீர்கள், பெயரைச் செதுக்காதீர்கள். உங்கள் காதல் நிலைக்கலாம். அந்தச் சுவர் அடுத்த மழைக்கு நிலைக்காது.

முந்திரிச் சருகு பெட்ரோல் மாதிரி பற்றும். 'கேம்ப் ஃபயர்' ஆசையை ஸ்டவ்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிப்பை மூடி வையுங்கள். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். பாம்புக்கும் தேளுக்கும் இருட்டான இடம் பிடிக்கும். தண்ணீரைக் கொண்டு போங்கள்; காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

லடாக்குக்கும் ஒருநாள் போவீர்கள். போகத்தான் வேண்டும். அதற்கு முன்னால் இந்தச் செம்மண்ணில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். மழை இல்லாமல் வருகிற பாலைவனத்துக்கு இயற்கை பொறுப்பு. மழை பெய்தும் வருகிற பாலைவனத்துக்கு நாம்தான் பொறுப்பு. அதைத் திரும்பப் பச்சையாக்க முடியும் என்று காட்டியவர்களில் தூர தேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள். கூடை சுமந்த ஒரு குயிலாப்பாளையத்து அம்மாவும் இருக்கிறார்.