வேஷம் மாறாத மூன்று தலைமுறை

நம் சங்கத்து ஆண்டு விழா நாடகங்களில் 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு காட்சி வந்துவிட்டால் போதும், திரைக்குப் பின்னால் ஒரே களேபரம்தான். அப்பாவுக்கு நரை பூச வேண்டும், பிள்ளைக்கு மீசை ஒட்ட வேண்டும். ஒட்டிய மீசை பாதி வசனத்தில் பிய்ந்து தொங்கும். இரண்டு நாடகங்களை இயக்கி இந்த அவஸ்தையெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். அதனால்தான் 'தி லேமன் டிரைலஜி' நாடகத்தின் படப்பதிவைப் பார்த்தபோது அசந்து போனேன். ஒரு குடும்ப வியாபாரத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதையை மூன்றே நடிகர்கள், உடை மாற்றாமல், நடித்து முடிக்கிறார்கள்.

கதை உண்மையில் நடந்ததுதான். ஜெர்மனியின் பவேரியாவில் ரிம்பார் என்ற சிற்றூர். அங்கே ஒரு மாட்டு வியாபாரியின் மகன் ஹாயும் லேமன். 1844-இல் அமெரிக்கா போன அவர் ஹென்றி ஆனார். அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் கடை வைத்தார். தம்பிகள் இம்மானுவேல் 1847-இலும் மேயர் 1850-இலும் போய்ச் சேர்ந்தார்கள். துணி விற்ற கடை பருத்தித் தரகாகி, பின்பு நியூயார்க்கில் பெரிய முதலீட்டு வங்கியானது. 2008 செப்டம்பர் 15 அன்று திவாலான லேமன் பிரதர்ஸ் இதுதான்.

இதை எழுதியவர் ஸ்டெஃபனோ மாசினி என்ற இத்தாலியர். 2015-இல் மிலான் நகரில் லூக்கா ரோன்கோனி பெரிய நடிகர் குழுவுடன் மேடையேற்றினார். 2018-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில், பென் பவர் எழுதிய ஆங்கில வடிவத்தை இயக்கியவர் சாம் மெண்டிஸ். 'ஸ்கைஃபால்' படம் எடுத்தவரேதான்.

அவர் செய்த முதல் காரியம், ஆளைக் குறைத்தது. கறுப்புக் கோட்டு அணிந்த மூன்று அண்ணன் தம்பிகள்தான் பிள்ளைகள், பேரன், மனைவிமார், குழந்தைகள் எல்லாரும். ஹென்றியாக வரும் சைமன் ரஸ்ஸல் பீல், ஹென்றி இறந்தபின் தம்பி மகன் ஃபிலிப் ஆகிறார். மேயராக வரும் ஆடம் காட்லி, பின்னால் ஃபிலிப்பின் மகன் பாபி ஆகிறார். குரலும் நிற்கும் தோரணையும்தான் மாறுகின்றன. பேரன் பங்குச்சந்தையைப் பற்றிப் பேசும்போதும் உடம்பில் இருப்பது கப்பலிலிருந்து இறங்கிய தலைமுறையின் கோட்டு. 'பரம்பரை' என்பதை விளக்க வசனமே வேண்டியிருக்கவில்லை.

மேடையில் எஸ் டெவ்லின் அமைத்த கண்ணாடி அறை ஒன்று சுழல்கிறது. லோகோ ஷெட்டில் இன்ஜின் திருப்பும் டர்ன்டேபிள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே சில அட்டைப்பெட்டிகள். அவையே கடை மேஜை, அவையே படிக்கட்டு. 2008-இல் வேலை போனவர்கள் சாமான்களைச் சுமந்து வெளியேறியதும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகள். லண்டன் மேடையேற்றம் இதை அழுத்திச் சொல்லவில்லை என்ற கண்டனம் எழுந்தது. 2021-இல் நியூயார்க்கில் மேடையேறும் முன் பிரதியைத் திருத்தினார்கள். 2022-இல் சிறந்த நாடகம், சிறந்த இயக்கம் உட்பட ஐந்து டோனி விருதுகள் கிடைத்தன. குடும்பப் பெருமை பேசும் நாடகத்தில், அந்தச் செல்வம் யாருடைய உழைப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை உலுக்கியது வேறொன்று. ஹென்றி இறந்தபோது யூத முறைப்படி ஏழு நாள் கடையை அடைத்துத் துக்கம் காக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் அது மூன்று நாளாகிறது. கடைசியில் மூன்று நிமிட மௌனம். அதற்குமேல் வியாபாரம் காத்திருக்காது. இதை யாரும் நின்று விளக்குவதில்லை, அழுவதில்லை. மெண்டிஸ் ஒரு கணக்கைப்போலச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

என் தகப்பனார் காலமானபோது ஐந்தாம் நாளே நான் டியூட்டியில் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மணியார்டர்தான் போயிற்று. அரங்கு இருட்டில் அந்த மூன்று நிமிடக் கணக்கைக் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஊர்விட்டு வந்த நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு யோசனை. மளிகைக்கடையோ மெஸ்ஸோ, நம்மவர் ஒருவர் இங்கு வந்து தொடங்கிய கதையைப் போடலாம். மூன்று பேர் போதும். மீசையும் நரையும் வேண்டாம். தாத்தாவாக நடிப்பவரே பேரனாகவும் நடிக்கட்டும். பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு அது புரியும்.