கற்பனை நாட்டுக்கு ஒரு நாணயம்

புதியதொரு நாட்டைப் படைக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டதாக வைத்துக்கொள்வோம். மலை, ஆறு, அரசன், பூதம் யாவும் உங்கள் விருப்பம். அங்கு வழங்கும் பொன், வெள்ளி, செப்புக் காசுகளையும் விருப்பப்படியே வகுத்துவிடலாமா? அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது.

இத்தகைய கற்பனை நாட்டில் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்று 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 2014-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி 10 செப்புக் காசுகள் ஒரு வெள்ளிக் காசுக்குச் சமம்; 10 வெள்ளிக் காசுகள் ஒரு பொற்காசுக்குச் சமம். எந்த உலோகமாயினும் 50 காசுகளின் எடை ஒரு ராத்தல், அதாவது சுமார் 454 கிராம். எனவே ஒரு காசு 9 கிராம். நாம் பவுன் என்று சொல்லும் 8 கிராமைவிடச் சற்றே அதிகம்.

எடை ஒன்றாயினும் பருமன் ஒன்றாகாது. ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம்; வெள்ளி 10.5 கிராம்; செம்பு ஏறத்தாழ 9 கிராம். 2 செ.மீ. விட்டமுள்ள காசாக அடித்தால் பொற்காசின் தடிமன் 1.5 மி.மீ. வெள்ளிக்கு 2.7 மி.மீ., செம்புக்கு 3.2 மி.மீ. தேவைப்படும்.

கதைகளில் வீரன் பொற்காசுப் பெட்டியைத் தோளில் தூக்கி வருகிறானே, அது இயலுமா? பெட்டி 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையது என்போம். காசுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்காக நூற்றுக்கு நாற்பது பங்கு கழித்தாலும், உள்ளிருக்கும் பொன் 800 கிலோகிராமுக்கு மேல்! தோள் போதாது, வண்டி வேண்டும்.

மலிவான உலோகத்தில் பெரிய மதிப்புள்ள நாணயம் அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சுவீடன் நாடு 1644-இல் அப்படிச் செய்தது. அந்நாட்டுப் பணமான டாலெரில் பத்து மதிப்புள்ள செப்புத் தகடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 20 கிலோகிராம்! இச்சுமையிலிருந்து விடுபடும் வழியாகவே 1661-இல் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பாவின் முதல் வங்கித்தாள்கள் பிறந்தன.

அடுத்தது, உலோகங்களுக்கிடையேயுள்ள மதிப்பு விகிதம். புவியீர்ப்பை ஆராய்ந்த நியூட்டன் பிற்காலத்தில் இங்கிலாந்து நாணயச்சாலையின் தலைவராக இருந்தார். 1717-இல் அவர் அளித்த அறிக்கை இச்சிக்கலைப் பற்றியதே. இங்கிலாந்தில் ஒரு பங்கு பொன்னுக்கு 15 பங்குக்கும் மேல் வெள்ளி கிடைத்தது. இந்தியாவிலோ சுமார் 12 பங்குதான். 12 பங்கு வெள்ளியை இங்கே கொணர்ந்து பொன்னாக்கி, அப்பொன்னை அங்கே விற்றால், வழிச்செலவு போக மிச்சமெல்லாம் இலாபம். எனவே இங்கிலாந்தின் வெள்ளி கப்பலேறியது. கினி என்ற பொற்காசின் மதிப்பை 21 ஷில்லிங்காகக் குறைத்தும் அது நிற்கவில்லை.

உங்கள் கற்பனை நாட்டிலும் அண்டை அரசுகள் வெவ்வேறு விகிதம் வைத்திருந்தால், ஆட்டக்காரர்கள் பூதத்தோடு போரிடுவதை விட்டுவிட்டுக் காசு மாற்றும் வணிகத்தில் இறங்கிவிடுவார்கள்!

ஆகவே முதலில் காசின் எடையையும், பிறகு விகிதத்தையும் முடிவு செய்யுங்கள். அதன்பின் ஒரு சிறு சோதனை: உங்கள் படைவீரனின் மாதச் சம்பளம் 5 பொற்காசு என்றால், அதைச் செப்புக் காசாகக் கொடுக்க 4.5 கிலோகிராம் வேண்டும். ஆயிரம் வீரர்களுக்கு எத்தனை வண்டிகள் தேவை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.