ஆலை போன இடமும் ஆலை வந்த இடமும்

உலகின் புகழ்பெற்ற பீர் ஆலைகளில் சில, உற்பத்தி நின்றுபோன பின்னரே பயணிகள் திரளும் இடங்களாயின. டப்ளின் நகரில் 1759ஆம் ஆண்டு ஆர்தர் கின்னஸ் என்பவர் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த செயின்ட் ஜேம்ஸ் கேட் வளாகத்தில், 1904இல் எழுந்த நொதிக்கூடம் 1988 வரை இயங்கி ஓய்ந்து, 2000ஆம் ஆண்டில் ‘கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ்’ என்னும் ஏழு மாடிக் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் 1867இல் தொடங்கிய ஹைனெகன் ஆலையும் அதே 1988இல் மூடப்பட்டு, பின்னர் ‘ஹைனெகன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பெயரில் நுழைவுச்சீட்டு விற்கும் அருங்காட்சியகமாக மாறியது. இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் திட்டமிட வேண்டியது மிகக் குறைவு; நாளையும் நேரத்தையும் தேர்ந்து சீட்டை முன்பதிவு செய்துவிட்டால், எதை முதலில் பார்ப்பது, எங்கே நிற்பது, எப்போது கோப்பையைக் கையில் வாங்குவது என்பதையெல்லாம் நிறுவனமே வகுத்து வைத்திருக்கிறது.

தென்னிந்தியாவின் பீர்த் தொழிலுக்குத் தலைநகரென்று சொல்லத்தக்க பெங்களூரில் அப்படியொரு வாயில் அமையவில்லை. இந்தியாவில் மிகப் பரவலாக அறியப்பட்ட கிங்ஃபிஷர் பீரைத் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது என்பதை நம்பி, டப்ளினில் உள்ளதைப் போன்ற ஒன்றைத் தேடி வருபவர் ஏமாறுவார். ஆயினும், நகரின் சில பகுதிகளைத் தக்க வரிசையில் பார்க்க ஒரு நாளை ஒதுக்குபவருக்கு, டப்ளினிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். அந்த ஒரு நாளை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதே இவ்வாரப் பகுதியின் பொருள். அதற்கு முதலில் வரலாறு வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சலுக்கு அஞ்சிய ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்து, பழைய பேட்டைக்குக் கிழக்கே தனியொரு படைக்குடியிருப்பை அமைத்தது. உள்ளூர் வழக்கில் அது ‘தண்டு’ எனப்பட்டது. ஐரோப்பியச் சிப்பாய்க்குப் பீர் அன்றாடத் தேவையாக இருந்தபோதிலும், இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் கப்பலில் வந்த பீர் விலை மிகுந்ததாகவும், சில சமயம் புளித்துப்போனதாகவும் இருந்தது. கெடாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களை மிகுதியாகச் சேர்த்து அனுப்பப்பட்ட வகையே, பிற்காலத்தில் ‘இந்தியா பேல் ஏல்’ என்று பெயர் பெற்றது. உள்நாட்டிலேயே தயாரிப்பதற்குக் குளிர்ச்சியான இடம் தேவைப்பட்டது. குளிர்பதன எந்திரம் 1870களில் கார்ல் ஃபொன் லிண்டேயின் முயற்சியால் ஆலைகளுக்குள் நுழையும் வரை, நொதித்தலின்போது எழும் வெப்பத்தை அடக்க மலைக்காற்றைத் தவிர மலிவான வழி வேறில்லை. ஆகவே வடக்கே கசௌலியும் சோலனும், தெற்கே நீலகிரியும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மிதமான தட்பவெப்பம் கொண்ட பெங்களூரும் பீர் ஆலைகளை ஈர்த்தன.

தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இவ்வாறு தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஐந்து ஆலைகளை இணைத்து, 1915ஆம் ஆண்டு மார்ச் மாதம் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவற்றுள் மூத்ததான காசில் புரூவரியின் தொடக்கம் 1857ஆம் ஆண்டு எனக் கூறப்படுகிறது. படைகளுக்கான பீர் ‘ஹாக்ஸ்ஹெட்’ எனப்படும், ஏறத்தாழ 245 லிட்டர் கொள்ளும் மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டி ஏற்றி அனுப்பப்பட்டதாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் யார், பீப்பாய்களை உருட்டியவர்கள் யார் என்பதை நிறுவன வரலாறுகள் பொதுவாகப் பதிவு செய்வதில்லை. எனினும் தண்டுப் பகுதியின் வணிகமும் கட்டுமானமும் கூலி வேலையும் பெரிதும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து படையின் பின்னே வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறிய தமிழர் கைகளில் இருந்தன என்பது தெளிவு. 1881இல் மைசூர் உடையார்களிடம் ஆட்சி திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரும் தண்டுப் பகுதி மட்டும் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் 1947 வரை ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்து, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அது மாகாணம் முழுதும் பரவிய நிலையையும் இதனோடு சேர்த்து நோக்கினால், தமிழ்நாட்டுக் குடிகாரரின் கற்பனையில் பெங்களூருக்கு வாய்த்த இடம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும்.

விட்டல் மல்லையா 1947இல், இருபத்து மூன்று வயதளவில், நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகி மறு ஆண்டே தலைவரானார். 1983இல் அவர் மறைந்தபின் பொறுப்பு மகன் விஜய் மல்லையாவிடம் சென்றது. கப்பன் பூங்காவுக்கு அருகே நிறுவனத்தின் பழைய ஆலை நின்ற நிலத்தின் மதிப்பு அதற்குள் பீரின் மதிப்பைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. முன்பு கிராண்ட் சாலை என்றும் இப்போது விட்டல் மல்லையா சாலை என்றும் வழங்கும் தெருவில், சுமார் 13 ஏக்கரில், பிரெஸ்டீஜ் குழுமத்துடன் சேர்ந்து கட்டப்பட்ட ‘யூபி சிட்டி’ வளாகம் 2008இல் திறக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் பழைய ஆலை புதுப்பிக்கப்பட்ட காட்சியகமாக மறுபடி திறந்ததும் அதே 2008இல்தான். ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் நிறுவனத்தைப் பங்கிட்டு வாங்கியதன் வழியாக யுனைடெட் புரூவரீஸின் பங்குகள் ஹைனெகன் கைக்கு வந்ததும் அவ்வாண்டே. 2016 மார்ச்சில் விஜய் மல்லையா நாட்டைவிட்டு வெளியேறியதும், 2021இல் ஹைனெகன் பெரும்பான்மைப் பங்குதாரரானதும் நாளேடுகள் விரிவாக எழுதிய கதை. இங்கே அதை நீட்ட வேண்டியதில்லை.

எனவே பயணத்தின் முதல் நிறுத்தம், ஆலை இல்லாத இந்த இடமாகவே இருக்க வேண்டும். கப்பன் பூங்கா மெட்ரோ நிலையத்திலிருந்து பூங்காவைக் குறுக்காகக் கடந்து நடந்தே வந்துவிடலாம். கான்கார்ட், கேன்பெரா, காமெட் என விமானங்களின் பெயர் தாங்கிய கட்டடங்களும், அவற்றுக்கு மேலெழும் யூபி கோபுரமும், வெளிநாட்டுக் கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் விற்கும் கடைகளும் அங்கே உண்டு. ஹாப்ஸ் கொதித்த மணத்தையோ செப்புக் கொப்பரையையோ எதிர்பார்ப்பது வீண். அரைமணி நேரத்துக்கு மேல் அங்கே செலவிட வேண்டியதில்லை என்றாலும், அந்த அரைமணி நேரத்தைத் தவிர்ப்பதும் சரியன்று. பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதே அங்கே அறிய வேண்டிய செய்தி. ஒருவகை ஈடாக, 2011இல் இதே சாலையில் ‘பியர் கிளப்’ என்னும் மைக்ரோ புரூவரி தொடங்கப்பட்டது.

மைக்ரோ புரூவரி என்பது தான் தயாரிக்கும் பீரைப் புட்டியில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பாமல், அதே கட்டடத்தில் உணவோடு சேர்த்து விற்கும் சிறு ஆலையாகும். இந்திராநகர் 100 அடிச் சாலையில் 2010இல் திறக்கப்பட்ட ‘டாய்ட்’ இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. அதன் பின்னர் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்து நிறுவனமொன்றின் பெயரோடு மாக்ரத் சாலையில் ‘ஆர்பர்’, நூலகத்தோடும் இசையரங்கோடும் வைட்ஃபீல்டில் ‘விண்ட்மில்ஸ்’ எனப் பல தோன்றின. பயணத்தின் இரண்டாவது நிறுத்தமாக இவற்றுள் ஒன்றைத் தேர்வதே போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்ற முயல்பவர் எதையும் பார்க்கப் போவதில்லை, குடிக்க மட்டுமே செய்வார்.

பார்க்க வேண்டியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைவிடும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் தானியத்துக்குள் பெருகுகின்றன. இந்த மால்ட்டை உடைத்துச் சுமார் 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒருமணி நேரம் ஊறவிட்டால் இனிப்பான கரைசல் கிடைக்கிறது. தொழிலில் ‘வோர்ட்’ எனப்படும் அக்கரைசலைச் சக்கையிலிருந்து வடித்து, ஹாப்ஸ் சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாகக் குளிர்வித்து ஈஸ்ட் இட்டு மூடிய கலன்களுக்கு அனுப்புகின்றனர். இருபது பாகையை ஒட்டிய வெப்பத்தில் வேலை செய்யும் ஈஸ்ட்டால் ‘ஏல்’ வகையும், பத்துப் பாகையை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டால் ‘லாகர்’ வகையும் உருவாகின்றன; முன்னதற்கு ஓரிரு வாரங்களும் பின்னதற்குப் பல வாரங்களும் பிடிக்கும். கடையில் விற்கும் புட்டி பீர் பெரும்பாலும் லாகராகவும், மைக்ரோ புரூவரிகளில் கோதுமை பீரும் ஏல்களும் மிகுந்தும் இருப்பதற்குக் கலன்களை நெடுநாள் முடக்கிவைக்க இயலாமை ஒரு முக்கியக் காரணம். உள்ளூர்ச் சுவைக்கேற்பப் பாசுமதி அரிசி சேர்த்த பீரும், பருவத்தில் மாம்பழம் சேர்த்த பீரும் இங்கே தயாராகின்றன.

இக்கலன்களும் குழாய்களும் உணவருந்துவோர் கண்முன்னே, பெரும்பாலும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், நிற்கின்றன. டப்ளினின் ஏழு மாடிக் காட்சியகமோ ஓய்வுபெற்ற கட்டடத்தில் அமைந்த கண்காட்சி. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கியவர் பக்கத்தில் இயங்கும் உண்மையான ஆலைக்குள் கால் வைப்பதில்லை. ஆம், அங்கே வரலாறு காட்சிக்கு வைக்கப்பட்டு வேலை மறைந்திருக்கிறது. பெங்களூரில் வேலை கண்ணெதிரே நடக்க, வரலாறு வணிக வளாகத்தின் அடியில் புதைந்துவிட்டது. கற்க விரும்புபவருக்குப் பெங்களூரே மேல் என்று தயங்காமல் கூறலாம்.

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான் என்பதையும், பெங்களூரின் குழாய் நீர் 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்படும் காவிரி நீர் என்பதையும் தமிழ் வாசகர் நினைவில் கொள்வது தகும். காவிரியின் பங்கைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கோப்பை இடம்பெறுவதில்லை.

நடைமுறைக் குறிப்புகள் சிலவே. கொதிகலன் இயங்கும் வேலை பெரும்பாலும் பகலில் முடிந்துவிடுமாதலால், வார நாளில் நண்பகலுக்கு முன்பின்னாகச் செல்வதும், ஆலைப் பகுதியைச் சுற்றிக்காட்ட இயலுமா என்று முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும் நல்லது. வார இறுதி மாலையில் கூட்டமும் இசையும் தவிர எதுவும் புலப்படாது. சுதந்திர தினம், காந்தி ஜயந்தி போன்ற நாள்களிலும் தேர்தலையொட்டியும் மது விற்பனை நிறுத்தப்படும். கர்நாடகக் கலால் விதிகள் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடுக்கின்றன. வண்டியோட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல்முறை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ சிறைத் தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வைட்ஃபீல்டு வரை முழுமையாக 2023 அக்டோபர் முதல் ஓடும் ஊதா வழித்தட மெட்ரோ, கப்பன் பூங்காவையும் இந்திராநகரையும் ஒரே கோட்டில் இணைப்பதால் சொந்த வாகனத்துக்குத் தேவையே இல்லை. டாய்ட்டும் இந்திராநகர் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. நகருக்கு வெளியே நெலமங்களாவிலுள்ள பெரிய ஆலை பயணிகளுக்கென அமைந்ததன்று. அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமில் தன் பழைய ஆலையைக் காக்கத் தெரிந்த நிறுவனமே இன்று பெங்களூரின் பழைய ஆலைக்கும் மரபுவழி உரிமையாளராக இருக்கிறது. 1915 முதலான பதிவேடுகள், முகப்புத்தாள்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுள் எஞ்சியவற்றைத் திரட்டி, தண்டுப் பகுதியின் தொழிலாளர் வரலாற்றையும் சேர்த்து, விட்டல் மல்லையா சாலையில் ஓர் அறையளவு காட்சியகத்தையாவது அமைக்குமாறு அந்நிறுவனத்தையும் கர்நாடகச் சுற்றுலாத் துறையையும் கேட்பதற்கு இதுவே தக்க தருணம்; அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் ஆலை வேலை தொடர்பான படமோ சம்பளச் சீட்டோ இருப்பின், அதைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாமல் பாதுகாத்து வைப்பது அதனினும் முதன்மையானது.